கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின் இணைப்பு கொடுப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

மதர்போர்டின் ஸ்லாட்டில் கிராஃபிக்ஸ் கார்டைச் செருகுவதைப் பலரும் தயக்கமின்றிச் செய்துவிடுகிறார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கும் கேபிளைக் கையில் எடுக்கும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்லும் பவர் சப்ளையிலிருந்து கிளம்பும் இத்தனை கேபிள்களில் கார்டுக்கு உரியது எது, 6 பின்னா 8 பின்னா, ஒரே கேபிளில் இரண்டு தலைகள் (கனெக்டர்கள்) இருந்தால் இரண்டையும் ஒரே கார்டில் செருகலாமா, இறுக்கமாக இருக்கும் தலையை இன்னும் அழுத்தலாமா என்று தெரியாமல் கை நிற்கிறது. ஒரு தலை சாக்கெட்டில் பொருந்திவிட்டது என்பது இணைப்பு சரி என்பதற்குச் சான்றாகாது. அந்தக் கேபிளின் ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு இணைத்தால், மேற்கண்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். ஆகவே முதலில் சிறிது கணக்கு, பிறகு வேலை.

கார்டுக்கு எவ்வளவு தேவை, எங்கிருந்து வருகிறது

கார்டு அமரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே அதிகபட்சம் 75 வாட் வரை கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய கார்டுகளின் பல மாடல்கள் இந்த 75 வாட்டுக்குள்ளேயே இயங்குவதால் அவற்றில் தனி மின் சாக்கெட் இருக்காது; அப்படிப்பட்ட கார்டை வாங்கியவர்கள் ஸ்லாட்டில் செருகி, திருகை முடுக்கினால் மின் இணைப்பு வேலை முடிந்தது. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு மீதி மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரவேண்டும். 6 பின் தலை ஒன்றுக்கு 75 வாட், 8 பின் தலை ஒன்றுக்கு 150 வாட் என்பது தரநிலை வகுத்த அளவு. புதிய உயர்ரகக் கார்டுகளில் காணப்படும் 16 பின் தலை ஒன்றே 600 வாட் வரை சுமக்கும்.

ஒரு கார்டில் எத்தனை சாக்கெட்டுகள் இருக்கின்றன என்று பார்த்தால் அதன் பசியைக் கணித்துவிடலாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டின் அடிப்படை மாடலில் இரண்டு 8 பின் சாக்கெட்டுகள் உள்ளன. ஸ்லாட்டின் 75 வாட்டையும் சேர்த்தால் 375 வாட் கிடைக்கும்; அந்தக் கார்டின் அறிவிக்கப்பட்ட மின் தேவை 355 வாட். இரண்டு சாக்கெட்டுகளில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு இயக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கார்டில் எத்தனை சாக்கெட்டுகள் இருக்கின்றனவோ அத்தனையிலும் கேபிள் இருந்தாக வேண்டும். சாதாரணப் பயன்பாட்டில் எதையும் உபரியாக விடக் கூடாது.

அடுத்து, மொத்தப் பவர் சப்ளையின் திறன். கார்டு தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பரிந்துரை தருகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுத்துக்கொள்கிறது; அதற்கு என்விடியா சொல்லும் பவர் சப்ளை 550 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 450 வாட்டும் 850 வாட்டும். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட்டும் 1000 வாட்டும். இந்த இடைவெளி வீணானதல்ல. பிராசசர், நினைவகம், விசிறிகள் ஆகியவற்றின் பங்கு அதில் அடங்கியிருக்கிறது. கார்டின் மின் தேவை கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திடீரென எகிறி இறங்கும் இயல்பும் அதில் கருதப்பட்டிருக்கிறது. பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை இந்த எகிறலை எழுத்தில் கொண்டுவந்து, தன் திறனைப்போல் இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடிகள் வரை பவர் சப்ளை தாங்க வேண்டும் என்று வகுத்தது. பழைய பவர் சப்ளை சராசரிக் கணக்கில் போதுமானதாக இருந்தும், விளையாட்டின் நடுவே கணினி சட்டென்று அணைந்துபோவதற்கு இந்த எகிறல் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைத் தேடுங்கள். கார்டுக்கு வேண்டியது ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட்தான். அங்கே 54 ஆம்பியர் என்று இருந்தால் 12ஆல் பெருக்கி 648 வாட் என்று கொள்ளலாம். அது 650 வாட் பவர் சப்ளையாக இருந்தால் நல்ல அறிகுறி. பெரிய எண் அச்சிட்டிருந்தும் 12 வோல்ட் வரிசையில் அதைவிட வெகுவாகக் குறைவாகத் தந்தால், மீதித் திறன் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் அடைபட்டிருக்கிறது, கார்டுக்கு அது உதவாது. 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு முதலிய முத்திரைகள், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன; கேபிள்களின் தரத்தைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை.

சரியான கேபிளை அடையாளம் காணுதல்

புதியவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. பவர் சப்ளையிலிருந்து 8 பின் தலை கொண்ட கேபிள்கள் இரண்டு வகையில் வருகின்றன. ஒன்று பிராசசருக்கு உரியது, மற்றது கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தலையைக் கையில் பிடித்து மெல்லப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: பிராசசருக்கு உரியது பெரும்பாலும் நான்கும் நான்குமாகச் சமமாகப் பிரியும், கார்டுக்கு உரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பல தயாரிப்பாளர்கள் தலையின் மேல் சிபியு என்றோ பிசிஐஇ என்றோ பொறித்தும் வைக்கிறார்கள்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது அல்ல. பிராசசர் தலையில் கிளிப் இருக்கும் பக்கத்து வரிசை முழுவதும் 12 வோல்ட். எதிர் வரிசை முழுவதும் கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. கார்டுக்குரிய தலையில் இது தலைகீழ்: கிளிப் இருக்கும் பக்கத்து வரிசை கிரவுண்ட், 12 வோல்ட் வருவது எதிர் வரிசையில். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் 12 வோல்ட் நேரடியாகக் கிரவுண்டில் போய் முட்டும். இதைத் தடுக்கத்தான் பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அறைகளில் சில சதுரமாகவும் சில முனை மழுங்கியும் வார்க்கப்பட்டிருக்கின்றன. தவறான தலை எளிதில் உள்ளே போகாது. ஆனால் பிளாஸ்டிக் மென்மையானது, பலமாக அழுத்தினால் வழிவிட்டுவிடும். எனவே இந்த வேலையில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: தலை உள்ளே போக மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், வெளியே எடுத்து அது எந்தத் தலை என்று மறுபடி பாருங்கள்.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகைப் பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. கார்டின் பக்கம் இருக்கும் தலை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தரநிலைப்படி அமைந்தது. பவர் சப்ளையின் பக்கம் இருக்கும் தலைக்கு அப்படியொரு பொதுத் தரநிலை கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் கிரவுண்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் இது மாறக்கூடும். பழைய பவர் சப்ளையின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்திவிடும், கிளிப்பும் விழும், ஆனால் மின்சாரம் வந்ததும் கார்டோ டிரைவோ கருகிவிடும். ஆகையால் பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றும் சோம்பலுக்கு இடம்தராதீர்கள். புதிய பவர் சப்ளையோடு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள். தனியாகக் கேபிள் வாங்க நேர்ந்தால், உங்கள் மாடலின் பெயரைத் தயாரிப்பாளரே பொருத்தப் பட்டியலில் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு கேபிளா, இரண்டு கேபிள்களா

பல பவர் சப்ளைகளோடு வரும் கேபிளில் ஒரு முனை பவர் சப்ளைக்கும், மறுமுனையில் அடுத்தடுத்து இரண்டு 8 பின் தலைகளும் இருக்கும். கார்டிலும் இரண்டு சாக்கெட்டுகள் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் அங்கே செருகத் தோன்றுவது இயல்பு. எண்களை எழுதிப் பார்த்தால் இதன் நிலை புரியும்.

8 பின் தலையில் 12 வோல்ட் சுமக்கும் கம்பிகள் மூன்று. 150 வாட் என்றால் 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், மூன்றால் வகுத்தால் கம்பி ஒன்றுக்கு ஏறக்குறைய 4.2 ஆம்பியர். இது வசதியான அளவு. இரண்டு தலைகளும் சேர்ந்து 300 வாட் கேட்கும்போது, பவர் சப்ளையிலிருந்து முதல் தலை வரையுள்ள பகுதியில் அதே மூன்று கம்பிகள்தான் 25 ஆம்பியரையும் சுமக்கின்றன. கம்பி ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியிலும் பின்னிலும் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். நல்ல தரமான தடித்த கம்பி இதைத் தாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பயன்படுத்துவதற்கென்றே சில தயாரிப்பாளர்கள் கேபிளை வடிவமைக்கிறார்கள். ஆனாலும் வெப்பத்தின் பெரும்பகுதி உருவாகும் இடம் கம்பியைவிடப் பின்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளே. அங்கே தொடுதல் சற்றுத் தளர்ந்தாலும் நான்கு மடங்கு என்பது இன்னும் கூடும்.

எனவே என் பரிந்துரை எளியது. கார்டில் ஒரு சாக்கெட் மட்டும் இருந்தால் ஒரு கேபிள். இரண்டு இருந்தால் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாகக் கிளம்பும் இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலையைச் செருகிவிட்டு, மீதித் தலையைக் கட்டி ஓரமாக வைத்துவிடலாம். மூன்று சாக்கெட்டுகள் இருந்து, இரண்டு கேபிள்களே கைவசம் இருந்தால், ஒன்றின் இரட்டைத் தலைகளைப் பயன்படுத்தலாமா என்பதைப் பவர் சப்ளையின் கையேட்டில் பார்த்து முடிவுசெய்யுங்கள். கேபினெட்டுக்குள் கேபிள் கூடுதலாகத் தெரிவது அழகைக் குறைக்கிறது என்று சிலர் வருந்துவதுண்டு; பாதுகாப்பைவிட அழகு முக்கியமல்ல.

ஹார்டு டிஸ்க் போன்ற டிரைவ்களுக்கு மின்சாரம் தரும் சாட்டா தலையிலிருந்து 6 அல்லது 8 பின்னாக மாற்றித் தரும் அடாப்டர்களை அறவே தவிர்த்துவிடுங்கள். சாட்டா மின் தலையில் 12 வோல்ட்டுக்கென மூன்று பின்கள் உண்டு, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியருக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. கூட்டினால் 54 வாட். அதிலிருந்து 75 வாட்டையோ 150 வாட்டையோ இழுக்கும் அடாப்டர் உருகுவதற்கு வியப்பொன்றும் தேவையில்லை. கார்டுக்குரிய தலை உங்கள் பவர் சப்ளையில் இல்லவே இல்லை என்றால், அந்தப் பவர் சப்ளை அத்தகைய கார்டுக்காக உருவாக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். கடையில் முழுமையாகக் கட்டி விற்கப்படும் அலுவலகக் கணினிகளில் இது அடிக்கடி காணப்படும்.

இணைக்கும் வேலை

கணினியை முறையாக அணைத்து, பவர் சப்ளையின் பின்புறமுள்ள சுவிட்சை ஆஃப் செய்து, சுவரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சியுள்ள மின்சாரம் வடிந்துவிடும். பவர் சப்ளையின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆபத்தான மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இடையிடையே மறுபடியும் தொட்டுக்கொள்ளுங்கள்.

மாடுலர் பவர் சப்ளையாக இருந்தால் முதலில் அதன் பக்கத்து முனையைச் செருகுங்கள். சாக்கெட்டின் மேல் பிசிஐஇ அல்லது விஜிஏ என்று எழுதியிருக்கும். சில மாடல்களில் சிபியுவுக்கும் பிசிஐஇக்கும் பொதுவான சாக்கெட்டுகள் இருக்கும், அவற்றில் இரண்டு வகைக் கேபிள்களும் பொருந்துவது வடிவமைப்பின் பகுதியே. கார்டு உட்கார்ந்த பிறகு பவர் சப்ளையின் பக்கம் கை போவது கடினம் என்பதால் இதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

கேபினெட்டின் பின்புறத்தில் ஸ்லாட்டுக்கு நேராக உள்ள தகடுகளைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையிலுள்ள பிடியைத் திறந்து, கார்டை நேராக வைத்து இரு முனைகளிலும் ஒரே சீராக அழுத்துங்கள். பிடி தானாக மூடிக்கொள்ளும். பிறகு கார்டின் உலோகத் தகட்டைக் கேபினெட்டோடு திருகுகளால் முடுக்குங்கள். கார்டு கனமாக இருந்தால், கேபிளைச் செருகும் அழுத்தத்தில் அது கீழ்நோக்கி வளையாதபடி இன்னொரு கையால் அடியில் தாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது 6+2 தலை. இரண்டு பின் துண்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய விளிம்பு இருக்கும். அது ஆறு பின் துண்டோடு கோத்துக்கொள்ளும்படி இரண்டையும் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் ஒரே தலையாகப் பிடியுங்கள். சாக்கெட்டில் உள்ள சிறு மேட்டின் பக்கம் தலையின் கிளிப் வருமாறு வைத்து, நேராகத் தள்ளுங்கள். சரியாக உட்கார்ந்ததும் கிளிப் மேட்டைத் தாண்டி விழுந்து ‘டக்’ என்ற மெல்லிய ஒலி கேட்கும். பிரிந்த இரண்டு பின் துண்டு பாதியில் நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஆறு மட்டும் உள்ளே போய் இரண்டு வெளியே நிற்பது அடிக்கடி நடக்கும் குறை. கடைசியில் கேபிளை அல்லாமல் தலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அது நகரக் கூடாது. கார்டின் சாக்கெட் 6 பின்னாக இருந்தால் இரண்டு பின் துண்டை ஓரமாக மடித்துவிட்டு ஆறை மட்டும் செருகலாம். 8 பின் சாக்கெட்டில் 6 பின் தலையை மட்டும் செருகிவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. தலையில் எத்தனை பின்கள் உள்ளன என்பதை, அதற்கென்றே உள்ள உணர்பின்கள் (சென்ஸ் பின்கள்) வழியாகக் கார்டு அறிந்துகொள்ளும், போதுமான மின்சாரம் இல்லை என்று கருதி இயங்க மறுக்கும்.

16 பின் தலைக்குத் தனிக் கவனம்

2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டோடு பரவலாக அறிமுகமான 12விஎச்பிடபிள்யூஆர் தலையில் மின்சாரத்துக்கு 12 பின்களும், அவற்றின் அருகே சமிக்ஞைக்கென நான்கு சிறிய பின்களும் உள்ளன. 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு கம்பிகளில் பிரிந்தால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். மேலே நாம் தவிர்க்கச் சொன்ன அளவே இங்கே இயல்பான அளவாகிறது, அதுவும் இன்னும் சிறிய பின்களில். ஆகவே இங்கே தளர்வுக்கு இடமே இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் சில கார்டுகளின் தலைகள் உருகியபோது, தலை முழுமையாகச் செருகப்படாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்று என்விடியா தெரிவித்தது. 2023இல் திருத்தப்பட்டு வந்த 12வி-2×6 சாக்கெட்டில் சமிக்ஞைப் பின்கள் குட்டையாக்கப்பட்டன. தலை பாதி வெளியே நின்றால் அவை தொடாது, கார்டும் மின்சாரம் எடுக்காது. இந்த மாற்றம் தவறான இணைப்பைப் பெருமளவு பிடித்துவிடும் என்றாலும், கண்ணால் சரிபார்க்கும் கடமையை நீக்கிவிடவில்லை.

இந்தத் தலையின் ‘டக்’ ஒலி மிகவும் மெல்லியது. அதை மட்டும் நம்பாதீர்கள். செருகிய பிறகு கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் காட்டி, தலைக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் இடைவெளியே இல்லையா என்று நான்கு புறமும் பாருங்கள். தலையிலிருந்து முதல் 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காமல் நேராக விடுங்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துமாறு இருந்தால் கதவை மூடாமல் வைப்பதோ, அகலமான கேபினெட்டுக்கு மாறுவதோ நல்லது. கதவைத் தள்ளி மூடுவது தலையைச் சாய்க்கும். பழைய பவர் சப்ளையோடு பயன்படுத்த, மூன்று அல்லது நான்கு 8 பின் கிளைகளைக் கொண்ட அடாப்டர் கார்டோடு வரும். அதன் எல்லாக் கிளைகளுக்கும் கேபிள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் என்ற முன்சொன்ன பரிந்துரை இங்கே இன்னும் வலுவாகப் பொருந்தும். பவர் சப்ளையிலேயே இதற்குரிய நேரடிக் கேபிள் இருந்தால் அடாப்டரைவிட அதுவே மேல், தொடுபுள்ளிகள் குறைகின்றன.

முதல் முறை இயக்குதல்

மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சாக்கெட்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். கேபினெட்டுக்குள் விசிறிகளைத் தொடும் கேபிள் எதுவும் இல்லை என்று பார்த்து, சுவர் இணைப்பைக் கொடுத்து இயக்குங்கள். மின் கேபிளைச் செருக மறந்திருந்தால், அதைச் செருகுமாறு திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி தோன்றலாம். சில கார்டுகளில் சாக்கெட்டின் அருகே சிவப்பு விளக்கு எரியும். இன்னும் சிலவற்றில் திரை கருமையாகவே இருக்க, விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் சுழலும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: அணைத்து, சுவர் இணைப்பைக் கழற்றி, எல்லாத் தலைகளையும் மறுபடி செருகிப் பார்ப்பது.

டிரைவரை நிறுவிய பிறகு, கார்டுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டையோ சோதனை மென்பொருளையோ சுமார் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசக் கருவிகளில் கார்டு எடுக்கும் வாட் அளவையும் 12 வோல்ட் வரிசையின் மின்னழுத்தத்தையும் காணலாம். மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 5 சதவீதம் வரை, அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில் மாறுவது ஏற்கத்தக்கது. சுமை ஏறியதும் அது 11.4ஐ நெருங்கினால் பவர் சப்ளையையோ இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் கண்காணித்துக்கொண்டிருக்காமல் உடனே பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நிறம் மாறிய அல்லது உருகிய தலையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சோதனை முடிந்து கணினியை அணைத்து, சுவர் இணைப்பையும் கழற்றிய பிறகு கேபிளின் தலைப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய கதகதப்பு இயல்பு. விரலை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல. கணினியை இடம் மாற்றும்போதும், வண்டியில் எடுத்துச் சென்று இறக்கிய பிறகும், இயக்குவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து கார்டின் பக்கத்திலும் பவர் சப்ளையின் பக்கத்திலும் தலைகள் முழுமையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் காரணமில்லாமல் அவற்றை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டாம், குறிப்பாக 16 பின் தலையை. ஒவ்வொரு முறையும் பின்களின் பிடிப்பு சிறிது தளர்கிறது.